பரணில் வைத்த லேப்டாப்

தேவனூர் நாடு
6-11-2024, காலை

ஹுமா,

இரண்டு வருடமாகப் பேசாதவளிடம் நலம் விசாரித்துத் தொடங்க எனக்குக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். இடி விழுந்து டவர் போய்ப் பத்து நாளாகிறது. மலையில் எங்கள் பக்கம் ஒரு போனும் பேசவில்லை. மிளகு எடுக்க உன் அத்தா புதனும் சனியும் வேனில் வருகிறாரே, அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுச் சிரித்தாலும் சரி, பதில் மட்டும் எழுது.

லேப்டாப்தான். நீ கடை திறந்த வாரம், 2017இல், உன்னிடம் வாங்கியது. 2022இல் சார்ஜ் இருபது நிமிடம்கூட நிற்பதில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தேனே, அதேதான். நீ பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஐந்து வருடம் ஆகிவிட்டது, வேறு வாங்கிக்கொள் என்றாய். விற்கிறவள் அப்படித்தான் சொல்வாள் என்று நான் கடையில் ஆறு பேர் முன்னால் சொன்னேன். அதன் பிறகு நாம் பேசவில்லை. பார்த்தாயா, அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஓடியிருக்கிறது.

இப்போது ஒரு வாரமாக ஓடவில்லை. கீபோர்டு நடுவில் மேடு தட்டிவிட்டது. மூடினால் ஒரு விரல் போகிற அளவுக்கு இடைவெளி. நகப்பூச்சு மாதிரி இனிப்பாக ஒரு வாசனை. சார்ஜர் போட்டால் சூடேறி நாலைந்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. ஈரம் கோத்துக்கொண்டது என்று நினைக்கிறேன். இங்கே மழைக்காலத்தில் எதுதான் பூஞ்சை பிடிக்காமல் தப்புகிறது? அதனால்தான் நான் அதை எப்போதும் அடுப்புக்கு மேல் பரணில், சாமை விதைப் பானைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். புகையும் சூடும் இருக்கிற இடத்தில் பூச்சியும் வராது, பூஞ்சையும் வராது. மேடு தட்டியது படியட்டும் என்று மேலே அம்மிக் குழவியை வேறு ஏற்றி வைத்திருக்கிறேன்.

எனக்கு அது 21ஆம் தேதிவரை ஓடினால் போதும். அன்றைக்கு வன உரிமைப் பட்டாவுக்கு அதிகாரிகள் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். இருபத்து மூன்று குடும்பத்தின் காடு. எங்கள் பெரியவர்கள் எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்கமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். முன்னொரு காலத்தில் வைத்ததில் பாதிக் காடு போயிருக்கிறது. பேசுகிறோம், வைக்கமாட்டோம் என்றார்கள். அவர்கள் பேசியதை எல்லாம் அந்த லேப்டாப்பைக் காடு காடாகத் தூக்கிப்போய், ஸ்டூலில் வைத்து, அதிலேயே படம் பிடித்தேன். அதில் ஐந்து பேர் இப்போது உயிரோடு இல்லை.

எத்தனை நாள் அடுப்புச் சூட்டில் வைக்க வேண்டும் என்று எழுது.

கலைமணி


முள்ளுக்குறிச்சி
6-11-2024, மாலை

கலை,

இதைப் படித்து முடிக்காதே. முதலில் போய் அந்தக் குழவியை எடு. மெதுவாக எடு. பிறகு வந்து மீதியைப் படி.

எடுத்துவிட்டாயா? சரி. அது ஈரம் இல்லை. உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. அதற்குள் வாயு அடைத்துக்கொண்டிருக்கிறது. சூடு பட்டாலும் அழுத்தினாலும் குத்துப்பட்டாலும் தீப்பிடிக்கும். நீ சூட்டிலும் வைத்து மேலே கல்லையும் ஏற்றியிருக்கிறாய். இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு காரியம் செய்தவரை நான் பார்த்ததில்லை. விதைப் பானையும் லேப்டாப்பும் ஒன்று என்று உனக்கு யார் சொன்னது?

பரணிலிருந்து இறக்கி வெளியே கொண்டுபோ. வீட்டுக்கும் வைக்கோலுக்கும் தள்ளி, வெறும் மண்ணில் மணல் கொட்டி அதன்மேல் வை. மழை படாமல் மேலே ஏதாவது கவிழ்த்து வை. சார்ஜர் போடாதே. மூடியை அமுக்காதே. உன் பாப்பாவை அந்தப் பக்கமே விடாதே. அவள் எங்கே தூங்குகிறாள் என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

சனிக்கிழமைவரை அத்தாவுக்காகக் காத்திருக்க என்னால் முடியாது. விடியற்காலை பஸ் கண்டக்டரிடம் கொடுக்கிறேன். உன் பெயரைப் பெரிதாக எழுதி, அவசரம் என்று சிவப்பு மையில் போட்டிருக்கிறேன்.

ஹுமா


தேவனூர் நாடு
9-11-2024

ஹுமா,

கண்டக்டர் கடிதத்தைப் பால் சொசைட்டியில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வந்து சேர்ந்தது எட்டாம் தேதி மாலை. நீ சொன்னபடிதான் படித்தேன். முதல் வரியிலேயே எழுந்து ஓடினேன். குழவியைத் தூக்கியதும் மூடி தானாக மேலே எழுந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது மரவள்ளிக் காட்டு ஓரத்தில் மணலில் இருக்கிறது. மேலே ஓட்டையில்லாத கூடையைக் கவிழ்த்து பிளாஸ்டிக் தாள் போட்டிருக்கிறேன். கோழி அடைத்திருக்கிறாயா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அரைமணிக்கொரு தரம் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன்.

பாப்பா எங்கே தூங்குகிறாள் என்று கேட்கப் பயமாக இருக்கிறது என்றாய். இந்தக் குளிரில் வேறு எங்கே தூங்குவாள்? அடுப்போரம்தான். பரணுக்கு நேர் கீழே.

ஐந்து வருடம் ஆகிவிட்டது என்று அன்றைக்குக் கடையில் சொன்னாய். எங்கள் ஊரில் மிளகுக் கொடி வைத்தால் நாலைந்து வருடத்துக்குப் பிறகுதான் உருப்படியாகக் காய்க்கும். ஐந்து வருடத்தில் ஒரு பொருளைத் தூக்கிப்போடு என்றால் எங்களுக்கு எப்படிப் புரியும்? புரிகிற மாதிரி நீயாவது அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

இனி உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்தப் படங்களுக்குக் காப்பி இல்லை. போன வருடமே ஊர்க்கூட்டத்தில் மாணிக்கம் மாமா என்னிடம் கேட்டார். அவர்தான் இப்போது ஊர்த்தலைவர். காப்பி எடுத்தாயிற்று என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பென்டிரைவ் வாங்கியது உண்மை. நாளைக்கு, நாளைக்கு என்று அது டப்பாவிலேயே இருக்கிறது. நேற்றும் மாமா வந்தார். "காப்பி பத்திரமா இருக்குதல்ல கண்ணு?" என்று கேட்டார். இருக்குதுங்க மாமா என்றேன்.

ஒரே ஒரு தடவை சார்ஜர் போட்டால் என்ன? நாலு நிமிடம் கிடைத்தால் பெருமாயி அம்மா பேசியதை மட்டுமாவது எடுத்துவிடுவேன். மேற்குப் பக்க எல்லை எந்தப் பாறையில் தொடங்கி எந்த ஓடையில் முடிகிறது என்று முழுசாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்த எல்லைக்குள் பதினோரு குடும்பத்தின் காடு இருக்கிறது. அவர் போன ஆடியில் இறந்துவிட்டார்.

உன் எழுத்து ஏன் இப்படி ஆடியிருக்கிறது? தீப்பிடித்தால் என் வீடுதானே.

கலைமணி


முள்ளுக்குறிச்சி
10-11-2024

கலை,

சார்ஜர் போடாதே. ஒரு நிமிடம்கூட வேண்டாம். வீங்கிய பேட்டரிக்கு உள்ளே மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று எனக்கே சொல்லத் தெரியாது. பஸ்ஸிலும் அதை ஏற்றாதே. அத்தனை வளைவில், அத்தனை சனத்துக்கு நடுவில் அது வரக் கூடாது.

நானே வந்திருப்பேன். எனக்கு இது ஏழாம் மாதம். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மலைப்பாதையில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டும் தங்காமல் போனதால் வீட்டிலும் விடமாட்டார்கள்.

படங்கள் பேட்டரியில் இல்லை. ஹார்ட் டிஸ்க் என்று தனியாக ஒரு தகடு உண்டு, உள்ளங்கை அளவு. அதை மட்டும் கழற்றி எனக்கு அனுப்பினால் போதும். அதில் தீப்பிடிக்க ஒன்றுமில்லை. திருப்புளி ஒன்றும் நான் வரைந்த படமும் வைத்திருக்கிறேன். அடிப்பக்கம் பத்து ஸ்குரு. கழற்றிப் பின்மூடியை எடு. டிஸ்க் வலது மூலையில். பேட்டரி முன்பக்கம், கறுப்பாக, தலையணை மாதிரி இருக்கும். அதன்மேல் இரும்பு படவே கூடாது. ஒரு ஸ்குரு மக்கர் பண்ணினாலும் விட்டுவிட்டு எழுந்து வந்துவிடு. பட்டா போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

எழுத்து ஏன் ஆடியது என்று கேட்டாய். இதைச் சொல்லாமல் உன்னைத் திறக்கச் சொன்னால் நான் மனுஷியே இல்லை.

2022இல் நான் பின்மூடியைத் திறந்தபோதே பேட்டரி இலேசாக உப்பியிருந்தது. பார்த்தேன். உன்னிடம் சொல்லத்தான் தலையை நிமிர்த்தினேன். அதற்குள் நீ அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாய். கடையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. ஒன்றும் பேசாமல் பத்து ஸ்குருவையும் திருகி உன் கையில் கொடுத்தேன். தொலையட்டும், ஒரு மாதத்தில் தானே வருவாள் என்று நினைத்தேன். நீ வரவில்லை. அப்புறம் மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. ஒவ்வொரு வீங்கிய பேட்டரி கடைக்கு வரும்போதும் உன் ஞாபகம் வரும்.

இரண்டு வருடமாக வீங்கியது அது. அதனால் நீ நினைப்பதைவிட மோசமாக இருக்கும்.

ஹுமா


தேவனூர் நாடு
13-11-2024

ஹுமா,

கடிதமும் திருப்புளியும் வந்தன.

இரண்டு மழைக்காலம் என் பிள்ளை அதற்குக் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறாள். நான் தினமும் அதன் அடியில் நின்று களி கிண்டினேன். நீ மலைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு இது தெரிந்தும் சும்மா இருந்தாய். நான் சொன்னது ஒரு வார்த்தை. வாய்க்கொழுப்பு, ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கூலி இதுவா?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பத்து ஸ்குருவைக் கழற்றச் சொல்கிறாய். அன்றைக்கு நீ கழற்றிவிட்டு மறைத்த மாதிரி இன்றைக்கு எதை மறைக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? எட்டு நாள்தான் இருக்கிறது. சார்ஜர் போட்டால் நாலு நிமிடம் ஓடும் என்பது நான் கண்ணால் பார்த்தது. நான் பார்த்ததையே நம்பப்போகிறேன்.

உன் அத்தா வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கிறார். ஹுமா சாப்பிடுவதே இல்லை, என்ன சண்டை என்று கேட்கிறார். ஒன்றுமில்லை என்றேன். உன் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அது வேறு, இது வேறு.

கலைமணி


முள்ளுக்குறிச்சி
13-11-2024, மாலை

கலை,

என்னை நம்பவேண்டாம். திட்டு, ஊரெல்லாம் சொல், கடைக்கு முன்னால் வந்து மண்ணை வாரித் தூற்று. சார்ஜர் மட்டும் போடாதே. உன் காலில் விழுகிறேன்.

அத்தாவிடம் கேட்டேன், நீ எப்படி இருந்தாய் என்று. கையில் சுருட்டிய ஒயர் வைத்திருந்தாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு இழுத்துப் பிடிக்கிறது. இந்தக் கடிதம் நாளைக்குத்தான் வரும் என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்.

ஹுமா


தேவனூர் நாடு
16-11-2024

ஹுமா,

உயிரோடு இருக்கிறேன். பாப்பாவும் நன்றாக இருக்கிறாள். முதலில் அதைத் தெரிந்துகொள்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே போட்டுவிட்டேன். உன் அத்தா வண்டி திரும்பியதும் வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, பாப்பாவை மாதம்மாள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, போட்டேன். பெருமாயி அம்மாவின் படத்தைத்தான் முதலில் பென்டிரைவுக்கு அனுப்பினேன். மூன்றாவது நிமிடம் கறக்கென்று ஒரு சத்தம். எல்லாம் அணைந்தது. மறுபடி போடக் கை போனது. அதற்குள் அந்த வாசனை முகத்தில் அடித்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடினேன்.

மறுநாள் உன் கடிதம் வந்தது. அதற்கு மறுநாள் காலை நீ வரைந்த படத்தை மண்ணில் விரித்து வைத்துக் கழற்றினேன். ஒன்பது ஸ்குரு சுலபமாக வந்தது. பத்தாவது வரவில்லை. எழுந்து வந்துவிடு என்று எழுதியிருந்தாய். நான் வரவில்லை. பின்மூடியை அந்த மூலையில் மட்டும் வளைத்து டிஸ்க்கை உருவினேன். அந்தக் கறுப்புத் தலையணையைப் பார்த்தேன், ஹுமா. கட்டியிருந்த வெள்ளிப் பட்டை அறுந்து நின்றது.

அன்று பிற்பகல் அது தானாகவே பிடித்துக்கொண்டது. யாரும் தொடவில்லை. புஸ்ஸென்று சீறி, வெள்ளைப் புகை வந்து, அப்புறம் தீ. கூடை எரிந்து, பக்கத்தில் பச்சை மரவள்ளி ஏழெட்டுச் செடி கருகிப்போனது. மழை பெய்த ஈரக் காட்டிலேயே அப்படி. என் பரணில் ஓலையும் விதையும்தான் இருக்கின்றன. அதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் கூசுகிறது.

புகையைப் பார்த்து ஊரே ஓடிவந்தது. மாணிக்கம் மாமா கருகியதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போனா போகுது, காப்பி இருக்குதல்ல கண்ணு" என்றார். அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். இருக்குது என்றேன். மறுபடியும் சொல்லிவிட்டேன்.

டிஸ்க்கைத் துணியில் சுற்றி உன் அத்தாவிடம் கொடுக்கிறேன். பென்டிரைவும் அதோடு இருக்கிறது. அதில் என்ன ஏறியிருக்கிறது என்று பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கலைமணி


முள்ளுக்குறிச்சி
18-11-2024

கலை,

இரண்டு நாளாக டிஸ்க்கோடு உட்கார்ந்திருக்கிறேன். எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இருபத்து மூன்று படத்தில் இருபத்திரண்டு கிடைத்துவிட்டன. எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். குரல் தெளிவாக இருக்கிறது. இரண்டு பென்டிரைவில் போட்டிருக்கிறேன். பயன்படுத்திய லேப்டாப் ஒன்றும் அனுப்புகிறேன், அன்றைக்குப் போட்டுக் காட்ட. அதன் வயது மூன்று. பேட்டரி நான் திறந்து பார்த்தது. சமதளமாக இருக்கிறது. விலை பேசாதே.

கிடைக்காதது பெருமாயி அம்மா. நீ சார்ஜர் போட்டபோது டிஸ்க் அவருடைய படத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தது. மின்சாரம் நின்றதும் தகட்டைப் படிக்கிற ஊசி அந்த இடத்திலேயே இறங்கிக் கீறிவிட்டது. வேறெங்கும் கீறல் இல்லை. பென்டிரைவில் ஏறியது நாலு விநாடி. அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "பேசட்டுமா சாமி?" என்று உன்னைக் கேட்கிறார். அதோடு நின்றுவிடுகிறது. சேலத்தில் இதற்கென்று இருக்கிற ஒருவரிடமும் அத்தாவை அனுப்பிக் காட்டினேன். அந்த இடத்தில் எடுக்க ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டார்.

அடுப்புச் சூட்டில் முன்பே தேய்ந்திருக்கும், அதனால்தான் என்று எழுதிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. உனக்கு ஆறுதலாக இருக்கும். நானும் நல்லவளாகிவிடுவேன். உன்னிடம் மறைப்பதற்கு இனி எனக்குத் தைரியம் இல்லை.

அந்த வருடம் இதே மாதிரி லேப்டாப்பை என்னிடம் வாங்கிய மற்ற ஒன்பது பேருக்கும், பேட்டரியைக் காட்டச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன். ஐந்து பேரிடமிருந்து பதில் வந்துவிட்டது.

அந்த நாலு விநாடியையும் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஹுமா


தேவனூர் நாடு
20-11-2024

ஹுமா,

உன் அத்தா எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தார். லேப்டாப்பை மேசைமேல் வைத்திருக்கிறேன். அடுப்புப் பக்கமே கொண்டுபோகவில்லை. உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுத ஆசை. இன்னும் போகவில்லை. என்மேல் இருப்பது அதைவிடப் பெரியதாக இருப்பதால் உன்மேல் உள்ளது கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்று காலை ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டேன். காப்பி எடுத்தேன் என்றது பொய், பெருமாயி அம்மா பேசியது போய்விட்டது, போக்கியது நான்தான் என்று நின்றுகொண்டே சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மாணிக்கம் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார். மேற்குப் பக்கத்துப் பதினோரு குடும்பமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாதம்மாள் அக்காதான் எழுந்து வந்தார். பெருமாயி அம்மாவின் மகள். படம் பிடித்தபோது அவர் இங்கே இல்லை, காப்பித் தோட்டத்துக் கூலிக்குக் கேரளா போயிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழுவாத. எங்கம்மா பேசுனப்ப நீ பக்கத்துலதான இருந்த? காதால கேட்டவ நீ. நாளைக்கு அவங்க முன்னால நீ சொல்லு சாமி, அது போதும்" என்றார்.

எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்தது. மாமாவும் உள்ளே வந்துவிட்டார். ஆமாம், கலைமணி கேட்டிருக்கிறாளே, அவள் சொல்லட்டும் என்று முடிவாகிவிட்டது. கும்பிட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். பதிலுக்கு நானும் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் அத்தா புறப்பட இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. அதற்குள் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உன்னைத் தவிர யாரிடம் சொல்ல முடியும்?

அன்றைக்கு அவர் முக்கால்மணி நேரம் பேசினார். சார்ஜ் தீர்ந்து தீர்ந்து போய் மூன்று முறை வீட்டுக்கு ஓடி ஏற்றிக்கொண்டு வந்தேன். அவர் சலிக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நான் ஸ்டூலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு சதவீதம். பதினான்கு. பதினொன்று. அவர் பேசி முடிப்பதற்குள் அணைந்துவிடக் கூடாதே என்று அந்த எண்ணை மட்டுமே பார்த்தேன். எல்லாம் பதிவாகிறது, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். எந்த இடத்தில் எத்தனை சதவீதம் என்று இப்போதும் சொல்வேன். அவர் கையை நீட்டி மேற்கே காட்டியபோது ஒன்பது.

நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார்கள். மேற்கு எல்லைக்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, ஹுமா. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

கலை